மழையில் நனைந்த மூன்றாவது இழுப்பறை

அழைப்பு என் பெயருக்கு வரவில்லை. எங்கள் பல்கலைக்கழக நூலகருக்கு வந்தது. அவர் மகளுக்கு அந்த மாதம்தான் கல்யாணம். அதனால் பட்டியல் பிரிவில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, "கோமதி, கோலாலம்பூர் போய்விட்டு வருகிறீர்களா?" என்று கேட்டார். பக்கத்து அறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்துவரச் சொல்கிற குரல். நான் அதுவரை திருப்பதிக்கு வடக்கே போனதில்லை.

வேலை இதுதான். அங்கே ஒரு பல்கலைக்கழக நூலகம் தன் புத்தகப் பட்டியலைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் கடைசி வருஷங்கள்; கணினி என்றால் ஒரு முழு அறை. மலாய்ப் புத்தகங்களும் ஆங்கிலப் புத்தகங்களும் ஏறிவிட்டன. தமிழ் மட்டும் நின்றுபோயிருந்தது. அந்த இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது; எல்லாவற்றையும் ரோமன் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதில் நூலகத்துக்கும் கணினி மையத்துக்கும் மனஸ்தாபம் வந்து, ஏழு மாதமாக இரண்டு தரப்பும் கடிதத்திலும் எப்போதாவது நடக்கிற ஒரு கூட்டத்திலும் மட்டும் பேசிக்கொண்டிருந்தன. இத்தனைக்கும் இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு சின்னக் குன்று. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரிலும் கணினி மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை உண்டு. நூலகத்திலிருந்து போகிறவர்கள் செருப்பைக் கழற்றி, வெளியிலேயே நின்று பதில் வாங்கிக்கொண்டு, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரயில்வே குடும்பத்தின் மாடி அறையில் எனக்கு இடம் பார்த்திருந்தார்கள். முதல் நாள் காலை கீழே இறங்கியதும் வீட்டுக்கார அம்மாள், "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார். நான் திகைத்தேன். எங்கள் ஊரில் அது பிரசங்கத்தில் வருகிற சொல். இங்கே அது தோசைக்குப் பெயர். தெருவில், கடையில், பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் எல்லோரையும் அதையே கேட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து நானும் கேட்க ஆரம்பித்தேன்.

பசியாறிவிட்டு மினி பஸ் ஏறினேன். தலை கூரையில் இடிக்கிற அளவுக்குச் சின்ன பஸ். நடத்துநர் படியில் தொங்கியபடி ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கத்தினார். அதில் நான் போகவேண்டிய இடம் இருந்ததாக என் காது சொன்னது. அரை மணி நேரம் கழித்து ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அம்பாங். பல்கலைக்கழகம் நேர் எதிர்த் திசையில் இருந்தது. நான் முகவரிக் காகிதத்தை நீட்டியபோது நடத்துநர் ஓட்டுநரிடம் மலாயில் ஏதோ சொன்னார். பின் இருக்கைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார்: "'இந்த அக்கா ஊருக்குப் புதுசு, இறக்கிவிடாதே, இதே பஸ்ல திருப்பிக் கொண்டுபோய் விடுவோம்'னு சொல்றான்." அப்படியே செய்தார்கள். திரும்புகிற வழியில் டிக்கெட்டும் கேட்கவில்லை.

நூலகத்தில் தமிழ்ப் பிரிவு மூன்றாவது மாடியின் கோடியில். பொறுப்பாளர் பெயர் மங்களேஸ்வரி. ஐம்பதை நெருங்குகிற வயது, கிள்ளானிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். "மணி பத்தரை. நீங்க எட்டுக்கு வருவீங்கன்னு கீழ போய் நின்னேன்" என்றுதான் வரவேற்றார். அம்பாங் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு எங்களுக்கிடையே அக்கா, தங்கை முறை வந்துவிட்டது.

அவர் அந்தப் பிரிவைக் கட்டிய விதத்தை அன்று மத்தியானம் கேட்டேன். பதினாறு வருஷமாக ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போயிருக்கிறார். பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் திருவிழா மலர், ஒரு ரயில்வே குமாஸ்தா அச்சிட்ட கும்மிப் பாட்டு, சங்கக் கூட்டத்துக்கு எழுதிய நாடகம். யாராவது வாசகர் இறந்துபோனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பொறுத்திருந்து வீட்டுக்குப் போய், "அவர் புத்தகங்கள என்ன செய்யப்போறீங்க?" என்று கேட்பாராம். அப்படி வந்ததில் பலவற்றுக்கு வேறு பிரதி இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அட்டை எழுதி மூன்று இழுப்பறையில் அடுக்கியிருந்தார். ஒவ்வோர் அட்டையும் நீல மையில் அவர் கையெழுத்து. அட்டைகளின் அடியில் துளையிட்டு, இழுப்பறையின் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கம்பி கோத்திருக்கும். அந்தக் கம்பி இருக்கிறவரை இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஓர் அட்டை விழாது.

அவருடைய கவலையும் அன்றுதான் தெரிந்தது. கணினி மையம் தட்டச்சு செய்கிற மூன்று பெண்களை அந்த மாதக் கடைசிவரை மட்டும் நூலகத்துக்காக ஒதுக்கியிருந்தது. பிறகு அவர்கள் தேர்வு முடிவு வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குள் பட்டியலில் ஏறாத புத்தகங்கள் பூட்டிய கிடங்குக்குப் போகும். மறுபடி எப்போது வெளியே வரும் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை.

"கிடங்குன்னா என்ன தெரியுமாக்கா? போனது போனதுதான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கணினி மையத்திலிருந்து மிஸ் லிம் வந்தார். சீனப் பெண், முப்பது வயதிருக்கும். குட்டை முடி, பெரிய கண்ணாடி, கையில் மடிப்பு மடிப்பாக விரிகிற ஒரு கட்டுக் காகிதம். மாதிரிக்காக ஐம்பது தமிழ் நூலாசிரியர்களின் பெயர்களை ஏற்றி அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தார். பேச்சு ஆங்கிலத்தில்.

நான் பட்டியலைப் பார்த்தேன். முனியம்மாவைக் காணோம், அவர் தகப்பனார் வீரசாமி இருந்தார். கண்ணுசாமியைக் காணோம், அவர் தகப்பனார் இருந்தார். அங்கே தமிழர் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே 'மகன்', 'மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் ஒன்றை எழுதுவது வழக்கம். கணினி அதைப் புரிந்துகொள்ளாமல் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எண்ணி முன்னால் தூக்கிப் போட்டிருந்தது. புத்தகம் எழுதியவர்கள் எல்லாம் காணாமல்போய், எழுதாத அப்பாக்கள் வரிசையாக நின்றார்கள்.

மங்களேஸ்வரி என் பக்கம் திரும்பித் தமிழில் ஆரம்பித்தார். "பாருங்கக்கா. ஏழு மாசமா இதான் கூத்து. இதுக்கு என்னா தெரியும்? பொட்டியத் தட்டத் தெரியும். பெத்தவன் யாரு, பிள்ளை யாருன்னு தெரியல. மூஞ்சியப் பாரு, கண்ணாடியப் பாரு."

மிஸ் லிம் காகிதத்தை நிதானமாக மடித்தார். பிறகு தமிழில், அந்த ஊர்ப் பேச்சின் 'லா' ஒட்டிக்கொள்ளச் சொன்னார்: "மூஞ்சி நல்லாத்தான்லா இருக்கு. எங்க அம்மா அப்படித்தான் சொல்லும்."

மங்களேஸ்வரியின் கை வாயை மூடிக்கொண்டது.

மிஸ் லிம் ஜெஞ்சாரோம் என்கிற ஊர்க்காரி. அவர் அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் தமிழர்கள். பக்கத்து வீட்டு மாரியாயி என்கிற பெண்தான் ஆறு வயதுவரை இவரைத் தூக்கி வளர்த்தது. பிறகு பள்ளிக்கூடம், பட்டணம், படிப்பு. எழுதப் படிக்கத் தெரியாது, பேசுவார். மரியாதைப் பன்மை மட்டும் அந்தத் தமிழுக்குள் வரவே இல்லை. எல்லோரும் 'நீ'தான்.

"ஏழு மாசமா நான் ஏசுறதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தே?" என்று மங்களேஸ்வரி கேட்டார்.

"கேட்டேன்லா. மொத நாளே சொல்லலாம்னு பாத்தேன். ஆனா நீ ஏசுனா மாரியாயி அக்கா ஏசுற மாதிரியே இருக்கு. இருபத்தஞ்சு வருசமா அந்த மாதிரி என்னை யாருமே ஏசல. அதான் பேசாம இருந்துட்டேன்."

மங்களேஸ்வரி எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்து கேட்டது ஒரே கேள்வி. "பசியாறிட்டியா?"

அன்று மூவரும் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். வாழை இலையில் சோறு, பாகற்காய் வறுவல், கொழுந்தாக ஒரு கீரை. மிஸ் லிம் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சியதைப் பக்கத்து மேஜையில் வேடிக்கை பார்த்தார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த எழுத்துப்பெயர்ப்பு விதிகளை அங்கேதான் கைவிட்டேன். எழுத்துக்கு மேல் புள்ளி, கீழே கோடு என்று அறிஞர்கள் வகுத்தது. அந்தக் கணினியில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை.

"சுங்கை வேயிலேர்ந்து ஒரு பிள்ள வந்து தேடுது. எப்படி எழுதும்? அதோட அடையாள அட்டையில இருக்குற மாதிரிதான் எழுதும்" என்றார் மிஸ் லிம்.

அது இன்னொரு சிக்கல். பிறப்பைப் பதிந்த குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே செல்லம்மாள் நாலு விதமாக இருப்பாள். மங்களேஸ்வரியே தன் அடையாள அட்டையில் 'மங்கலாசரி'. கடைசியில் மிஸ் லிம் ஒரு வழி சொன்னார். ஒரு பெயருக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையும் ஏற்றிவிடுவது; எதை அடித்தாலும் ஒரே ஆளிடம் கொண்டுபோய் விடுவது. அதற்கு வேண்டிய நிரலை அவர் எழுதுவார். எழுத்துக்கூட்டல்களை மங்களேஸ்வரி சொல்லுவார். புதன்கிழமை முழுக்க இருவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து பெயர்களை மாற்றி மாற்றி உச்சரித்துப் பார்த்தார்கள். அந்த மேஜையில் எனக்கு அதிக வேலை இல்லை. சந்தோஷமாக இருந்தது.

தடை வியாழக்கிழமை வந்தது. தட்டச்சு செய்கிற பெண்கள் கணினி மையத்தை விட்டு வரமுடியாது. நூலகத்துக்குக் கம்பிவடம் இழுக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். அட்டைகள்தான் குன்றைத் தாண்டிப் போகவேண்டும்.

"இதுங்க இந்தக் கதவத் தாண்டுனதே இல்லக்கா" என்றார் மங்களேஸ்வரி. முகம் சுண்டிவிட்டது.

நான்தான் வற்புறுத்தினேன். எங்கள் ஊரில் இழுப்பறைகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டுபோன பெருமையை எல்லாம் சொன்னேன். "ஒன்றும் ஆகாது. நான் பொறுப்பு" என்றேன். அன்று சாயங்காலம் மூன்றாவது இழுப்பறையில் சில அட்டைகள் இடம் மாறியிருந்ததைச் சரிசெய்யக் கம்பியை உருவி, ஜன்னல் விளிம்பில் என் கண்ணாடிக் கூடோடு வைத்தேன். அட்டைகளைச் சரியாக அடுக்கினேன். கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டேன். கம்பியை மறந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நூலக வேன் வந்தது. ஓட்டுநர் மணியம், நாற்பத்தைந்து வயது, பேச்சு குறைவு. இழுப்பறைகள் நீளமானவை, பின்கதவு மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினார். நானும் மங்களேஸ்வரியும் முன்னால் உட்கார்ந்தோம். குன்றின் மேல் ஏறும்போது மழை பிடித்தது. அந்த ஊர் மழை தூறி ஆரம்பிப்பதில்லை. தொட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரே கொட்டு. இறக்கத்தில் ஒரு குரங்கு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு குறுக்கே ஓடியது. மணியம் பிரேக்கை மிதித்தார். பின்னால் கயிறு அறுந்த சத்தம் கேட்டது.

முதல் இரண்டு இழுப்பறைகளும் கதவோரம் சாய்ந்து நின்றன. மூன்றாவது ரோட்டில் கிடந்தது, காலியாக. அட்டைகள் மழைத் தண்ணீரோடு சரிந்து ஓரத்துப் பெரிய சாக்கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

மங்களேஸ்வரி சத்தமே போடவில்லை. ரோட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளினார். மணியம் சட்டையைக் கழற்றி அதில் வாரிக்கொண்டார். கீழே கணினி மையத்து வாசலில் காத்திருந்த மிஸ் லிம் குடையை வீசிவிட்டு ஓடிவந்து, அலுவலகச் செருப்போடு சாக்கடைக்குள் குதித்தார். இடுப்பளவு ஆழம், முழங்கால் தண்ணீர். வந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே நீட்டினார். நான் வாங்கினேன். என் கையிலேயே நீல மை கரைந்து விரல் வழியாக ஓடியது.

அப்போதுதான் கம்பி நினைவுக்கு வந்தது. சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாயில் மழைதான் விழுந்தது.

கணினி இருந்த அறைதான் அந்த வளாகத்திலேயே மிகவும் உலர்ந்த இடம். தரை முழுக்கப் பலகைகள், சில பலகைகளில் துளைகள். துளை வழியே கீழேயிருந்து குளிர்காற்று வந்துகொண்டே இருக்கும். வெளியாட்களுக்கு அனுமதி கிடையாது. மிஸ் லிம் தன் மேலாளரிடம் மலாயில் வேகமாகப் பேசினார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நான்கு பேரும் சொட்டச் சொட்ட நின்றோம். "செருப்பை மட்டும் கழற்றுங்கள்" என்றார். அச்சுக் காகிதத்தை நீளமாக விரித்து, அதன்மேல் அட்டைகளை அப்பளம் காயவைக்கிற மாதிரி பரப்பினோம். சனிக்கிழமை அரை நாளும் அதுவே வேலை. முக்கால்வாசி அட்டைகளில் எழுத்து தெரிந்தது. சுமார் எழுபது அட்டைகளில் நீலக் கறைதான் மிச்சம்.

வெள்ளி சாயங்காலமே ஜன்னல் விளிம்பில் தேடினேன். கம்பி அங்கே இல்லை. சனிக்கிழமை பார்த்தால் காலி இழுப்பறைக்குள் அது ஒழுங்காகக் கோத்திருந்தது. யார் கோத்தது என்று புரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. அதே நேரம் நூலக அலுவலகத்தில் பேச்சு வேறுமாதிரி போனது. மணியம் கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை, வேகமாக ஓட்டினார் என்றார்கள். அவர் ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தரம் ஆக்குகிற கோப்பு அந்த மாதம்தான் தலைமை நூலகரின் மேஜைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை விளக்கம் கேட்டுக் கடிதம் தரப்போவதாகச் சொன்னார்கள். நான் நின்று கேட்டேன். பேசாமல் இருந்தேன். விருந்தாளி, வெளிநாடு, எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் என்று எனக்கு நானே அடுக்கிக்கொண்ட காரணங்கள் இப்போது நினைத்தாலும் கூசுகின்றன.

ஞாயிற்றுக்கிழமை மங்களேஸ்வரி என்னைக் கிள்ளானுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். இந்த முறை சரியான பஸ். பூக்கடையும் புடவைக்கடையும் நிறைந்த தெரு; ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. மதுரைக் கடைத்தெருவைத் தூக்கி வைத்தது போலிருந்தது. அதில் பாதிப் பேர் குடையோடு நடந்தார்கள். அவர் வீட்டில் நண்டுக் குழம்பு. அவர் கணவர் தன் கையால் ஓடு உடைத்து என் தட்டில் வைத்தார். "இவ எழுதுன அட்டை போச்சுன்னு ரெண்டு நாளா தூங்கலங்க. நீங்க இல்லைன்னா உடைஞ்சே போயிருப்பா" என்றார்.

நண்டை அப்படியே தட்டில் வைத்தேன்.

"மங்களம், கம்பியை எடுத்தது நான்" என்றேன். "வியாழக்கிழமை உருவினேன். திருப்பிப் போடவில்லை. கம்பி இருந்திருந்தால் இழுப்பறை மட்டும்தான் விழுந்திருக்கும்."

அவர் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தார். கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"ஏன் முந்தாநேத்தே சொல்லல?"

"பயம்."

"மணியத்துக்குக் கடுதாசி வரப்போகுதுன்னு தெரியுந்தானே?"

"தெரியும்."

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, என் தட்டில் ஆறிப்போன சோற்றை எடுத்துவிட்டுச் சூடாக வேறு சோறு போட்டார். "சாப்பிடுங்க. நாளைக்குக் காலையில ஏழரைக்கு வந்துடுங்க. ரெண்டு பேரும் போவோம்" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

தலைமை நூலகர் ஒரு மலாய் அம்மாள். முழுவதையும் கேட்டார். மணியத்தைக் கூப்பிட்டார். நான் அவர் முன்னாலேயே மறுபடி சொன்னேன். மணியம் கீழே பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்லாக்கா" என்றார்.

வெள்ளிக்கிழமை துவட்டத் துண்டு எடுக்க மூன்றாவது மாடிக்கு ஓடியபோது ஜன்னலில் கம்பியைப் பார்த்திருக்கிறார்; முந்தின நாள் நான் அந்த இழுப்பறையை அடுக்கியதும் அவருக்குத் தெரியும். வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்று எடுத்து இழுப்பறையில் கோத்துவிட்டார்.

"ஏண்ணே, எதற்காக?" என்று கேட்டேன்.

"நீங்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தவங்க. திரும்பிப் போறப்ப கெட்ட பேரோட போகணுமா? என்னைய ரெண்டு நாளைக்கு ஏசுவாங்க. அப்புறம் வேன் ஓட்ட ஆள் வேணும், கூப்பிடுவாங்க. அவ்ளோதான்லா."

மங்களேஸ்வரி இதை மலாயில் மொழிபெயர்த்தார். தலைமை நூலகர் மணியத்துக்குத் தரவிருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். என்னிடம் திரும்பி, "உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதமாட்டேன். உங்கள் அறிக்கையில் நீங்களே எழுதுங்கள்" என்றார். எழுதினேன். அதற்குப் பிறகு என்னை வெளிநாட்டுக்கு யாரும் அனுப்பவில்லை. காரணம் அதுதானா என்று நான் விசாரிக்கவில்லை.

மிச்சம் இருந்த நான்கு நாட்களும் கணினி மையத்திலேயே கழிந்தன. காய்ந்த அட்டையை மங்களேஸ்வரி உரக்கப் படிப்பார். மிஸ் லிம் காதில் விழுந்தபடி ரோமனில் சொல்ல, மூன்று பெண்களும் தட்டுவார்கள். கறை படிந்த அட்டைகள் வந்தால் மங்களேஸ்வரி கறையின் வடிவத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். "இது சிவப்பு மேலட்டை, பெந்தோங் பக்கம் ஒரு தோட்டத்து மலர்" என்பார். நான் குன்றேறி மூன்றாவது மாடிக்குப் போய் அலமாரியில் அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சரிபார்ப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. என் தண்டனையாக நானே எடுத்துக்கொண்ட வேலை. முழங்கால் வீங்கியது. புதன்கிழமை நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றபோது மங்களேஸ்வரி திரும்பாமலே, "அக்காவுக்கு ஒரு நாற்காலி போடு" என்று லிம்மிடம் சொன்னார். மூன்று நாளுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த அட்டையை எடுத்தேன்.

எழுபதில் ஆறு அட்டைகள் மட்டும் பிடிபடவே இல்லை. அவை என்ன புத்தகங்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. முதல் இழுப்பறையில் கொஞ்சம் பாக்கி இருந்தது. மாதக் கடைசிக்குள் முடித்துவிடலாம் என்று மிஸ் லிம் விரலை மடக்கிக் கணக்கிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் கிளம்பவேண்டிய நாள். மணியம் என்னை சுபாங் விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வேனோடு வந்து, கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மிஸ் லிம் ஒரு திரையின் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு, "அக்கா, உக்காரு. எதையாச்சும் தேடு" என்று மங்களேஸ்வரியிடம் சொன்னார்.

மங்களேஸ்வரி உட்கார்ந்தார். விரல்களைச் சாவிகள்மேல் வைத்தார். எடுத்தார். "எனக்கு எதைத் தேடுறதுன்னு தெரியலையே. எல்லாம் எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமே" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "மணியம், நீங்க கேளுங்க" என்றார்.

மணியம் பின்வாங்கினார். "நான் படிக்கிறவன் இல்லலா."

"சும்மா கேளுங்கண்ணே."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல சின்னத்தம்பின்னு ஒரு வாத்தியாரு. பாட்டுப் புக் ஒண்ணு அச்சடிச்சாரு. வகுப்புல எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தாரு. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் போகல. மறுநாள் போனா தீந்துபோச்சு."

"எப்படி எழுதணும், சொல்லு" என்றார் மிஸ் லிம்.

மணியம் தனக்குத் தெரிந்தபடி ஓர் எழுத்து விட்டும் ஓர் எழுத்து கூட்டியும் சொன்னார். மங்களேஸ்வரி ஒரு விரலால் அடித்தார். பச்சை எழுத்துகள் கொஞ்சம் யோசித்தன. பிறகு ஒரு வரி வந்தது. அதன் கீழே இன்னொரு வரி. ஆசிரியர் பெயர், 'குழந்தைப் பாடல்கள்', ஓர் எண், ஒரு பிரதி.

மங்களேஸ்வரி எண்ணைக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினார். நான் கடைசியாக ஒரு தடவை குன்றேறினேன். உள்ளங்கை அளவுப் புத்தகம். மணியம் அதை இரண்டு கையாலும் வாங்கிப் புரட்டிவிட்டு, "ஓட்டுநருங்களுக்கு இரவல் குடுப்பாங்களா?" என்று கேட்டார். ஆறு வருஷமாகப் புத்தகம் சுமந்தவர். தற்காலிக ஊழியர்களுக்கு நூலக அட்டை கிடையாது என்பது மங்களேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பெயரில் எழுதிக் கொடுத்தார். பிறகு என் தோளைப் பிடித்து இழுத்து ஒரு கணம் அணைத்துக்கொண்டார். "கடுதாசி போடுங்கக்கா" என்றார். மிஸ் லிம், "நீ போட்டா இவ எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார்.

வேனில் மணியம் புத்தகத்தை என் மடியில் வைத்தார். "வண்டி ஓட்டிக்கிட்டுப் படிக்க முடியாது. நீங்க படிங்க, கேக்குறேன்."

படித்தேன். கொசுவைப் பற்றி ஒரு பாட்டு, தோட்டத்து லாரியைப் பற்றி ஒரு பாட்டு, வேலைக்குச் சங்கு ஊதினாலும் எழுந்திருக்காத ஒரு பையனைப் பற்றி ஒரு பாட்டு. மூன்றாவது பாட்டில் ஒரு வரியை நான் முடிக்கும்முன் அவர் முடித்தார். அடுத்த வரியையும். கண் ரோட்டில் இருந்தது. உதடு மட்டும் பாடியது.

"உங்களுக்குத்தான் மனப்பாடமாகத் தெரிகிறதே, அண்ணே?"

"வாத்தியாரு தெனமும் பாடவைப்பாருக்கா. மறக்குமா?"

"அப்புறம் புத்தகம் எதற்கு?"

"எல்லார் கையிலயும் இருந்துச்சு. என் கையில இல்ல."

"இது நூலகத்துப் புத்தகம் அண்ணே. பதினாலு நாளில் திருப்பிக் கொடுக்கவேண்டுமே."

சுபாங் திருப்பத்தில் வேனை நிதானமாக வளைத்தார்.

"அதனால என்னக்கா," என்றார். "பதினாலு நாள் இருக்குலா."